கீழே போன கோடு

நாரின் நகரில், பள்ளியின் நிலக்கரிக் கிடங்கில்,
கரி எட்டாத மூலையில் தொங்குகிறது
எங்கள் நிலநடுக்கமானி:
ஒரு பொம்மைச் சுருள்கம்பி,
நுனியில் காந்தம்,
காந்தத்தைச் சுற்றி
பழுதான மோட்டார் ஒன்றிலிருந்து
பெக்துர் உரித்தெடுத்த செம்புக் கம்பி.

வரைபடம் எங்களுடையதல்ல.
ஜமைக்காவில், மாண்டவில்லில் யாரோ வரைந்தது.
மோகோட்லாங்கில் அதன் காலைக் குட்டையாக்கினார்கள்.
எஸ்டோனியாவில், வோருவில்
காற்றுப் புகாத பெட்டி கொடுத்தார்கள்.
எங்கள் கைக்கு வந்தபோது
அதற்குப் பதினோராவது பிறப்பு.
நாங்கள் சேர்த்தது ஒரே வரி:
"குளிரில் எண்ணெய் உறையும்.
செம்புக் குழாய்த் துண்டு போதும், ஆட்டத்தை அடக்க."
அடுத்த வாரம் விண்ட்ஹூக்கில்
குளிரே இல்லாத ஓர் ஊரில்
அந்தக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
அன்று நான் சம்பளத்தை மறந்தேன்.

ஜனவரி. புதன். இரண்டாம் பாடவேளை.
அட்லாண்டிக்கின் நடுவில், கடலடியில்
பாறை ஒன்று வழுக்கியது.
நிமிடங்கள் கழித்து எங்கள் திரையில்
கோடு முதலில் கீழே இறங்கியது.
பிறகுதான் ஆடத் தொடங்கியது.

மாலைக்குள் ஆறு பள்ளிகளின் கோடுகளும்
ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துசேர்ந்தன.
ஐந்து, முதலில் மேலே.
ஒன்று கீழே.

"கம்பியை மாற்றிக் கோத்திருப்பீர்கள்" என்றது ட்ரூரோ,
ஒரு சிரித்த முகத்தோடு.
"எங்களுக்கும் நடந்தது" என்றது மாண்டவில்.
வோரு எதுவும் சொல்லவில்லை.

ஊர் ஓடினால் ஒத்து ஓடு.
நான் பெக்துரிடம் சொன்னேன்: மாற்று.
மைனஸ் இருபதில் விரல் நடுங்க
அவன் பற்றவைத்தான், சுட்டுக்கொண்டான்.

ஐசிரெக் மட்டும் கிடங்கைவிட்டு வரவில்லை.
பெட்டியைத் திறந்து
காந்தத்தை ஒரு விரலால்
மெல்லக் கீழே அழுத்தினாள்.
நிலம் எழுந்தால் காந்தம் பின்தங்கும்,
அதுவும் இதுவும் ஒன்றுதானே, டீச்சர்?
கோடு மேலே போக வேண்டும்.
போனது கீழே.

"அப்படியென்றால்" என்றாள்,
"காலையில் சரியாகத்தான் இருந்தது.
இப்போதுதான் தப்பு."

அதை அப்படியே எழுதி அனுப்பினோம்.
மொழிபெயர்ப்பு இயந்திரம் எங்கள் கிர்கீசை
என்ன செய்ததோ தெரியாது.
இரவு ஒன்பதுக்கு வோருவிலிருந்து
மாரிகா என்ற பெண் எழுதினாள்:
"எங்களுடையதும் கீழேதான் போனது.
மற்றவர்களுடையது மேலே என்று பார்த்ததும்
அனுப்புமுன்
எண்களின் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன்.
என் ஆசிரியருக்கும் தெரியாது."

நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு மோகோட்லாங்கிலிருந்து ஒரு புகைப்படம்.
ரெதபிலே என்ற பையன்
பழைய கால்பந்து ஒன்றில்
பாறை வழுக்கிய இடத்தில் சிலுவை கீறி
ஆறு ஊர்களையும் புள்ளி வைத்திருந்தான்.
வடமேற்குக் கால்பங்கில் இருவர்: மேலே.
தென்கிழக்கில் இருவர்: மேலே.
வடகிழக்கில் நாரினும் வோருவும்: கீழே.
பாறை வழுக்கும்போது
ஒரு பக்கம் தள்ளும்,
ஒரு பக்கம் இழுக்கும்.
தள்ளப்பட்டவர்கள்
இழுக்கப்பட்டவர்களிடம்
கம்பியை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

பெக்துர் மறுபடி பற்றவைத்தான்.
கட்டு போட்ட விரலைப் பார்த்து
நான் மன்னிப்புக் கேட்டேன்.
"ஈயம்தான் வீண்" என்றான்.

பன்னிரண்டாம் பதிப்பில், ஐசிரெக்கின் கையெழுத்தில்,
ஒரு படி கூடியிருக்கிறது:
முதலில் காந்தத்தை அழுத்திப் பார்.
பிறகு மற்றவர்களின் கோட்டைப் பார்.

பந்தில் தென்மேற்குக் கால்பங்கு
வெறுமையாக இருந்தது.
அங்கே எங்களுக்குப் பள்ளி இல்லை.
இருந்தால் கீழே போயிருக்க வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள்,
பந்தயம் கட்டாத குறையாக.

ஆகவே, வால்திவியா நகரின்
முன்பின் அறியாத ஆசிரியரே,
உங்களிடம் ஒரு சுருள்கம்பி இருக்குமா?